காப்புறுதிப் படிவத்தில் நான் மறைத்த வருத்தம்

நான்கு வருடங்களுக்கு முன், திருகோணமலை நகரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது இது. அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். துறைமுகத்தில் வேலை செய்த என் கணவர் எனக்கு முன்பே பென்சனில் வந்துவிட்டார். ஓய்வூதியக்காரருக்கு அரசாங்கக் காப்புறுதி இருக்கிறதுதான். ஆனால் பெரிய சத்திரசிகிச்சை என்றால் அது எந்த மூலைக்குக் காணும்? தனியார் காப்புறுதி ஒன்றும் எடுப்போம் என்று நான்தான் முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் எல்லா முடிவும் என்னுடையதுதான்.

படிவத்தோடு வந்த முகவர் சாம்பல்தீவுப் பெண். அந்த நேரம் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அவள் கிட்டிய சொந்தம். என் கணவருக்கோ எட்டு வருடமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு நோய்; பிரஷரும் இருந்தது. பரம்பரை வருத்தம் என்று ஒரு கதை அங்கே போனால் சம்பந்தம் குழம்பிவிடுமோ என்று எனக்குப் பயம். அவளை வேண்டாமென்று அனுப்பினால் அதுவும் ஒரு கதையாகிவிடும்.

அவள் நல்லபடியாகத்தான் கேட்டாள்.

"வருத்தம் ஏதும் இருந்தா இப்பவே சொல்லுங்கோ அக்கா. மாதம் கட்டுறது கொஞ்சம் கூடும், ஆனா பிறகு கரைச்சல் வராது."

இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அவருக்கென்ன வருத்தம்? கல்லுமாதிரி இருக்கிறார்."

'இல்லை' என்று நானே எழுதினேன். மற்றவர்களின் படிவங்களில் பிழை பிடித்தே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவள் நான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. இரண்டு வருடம் கழித்து இவருக்கு நெஞ்சுவலி வந்தது. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். உடனே பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். டொக்டர் பழைய கிளினிக் கொப்பியைக் கேட்க, நானே எடுத்துக் கொடுத்தேன். வருடக்கணக்கான மருந்து அதில் வரிசையாக இருந்தது; அதெல்லாம் ஆஸ்பத்திரி அறிக்கையோடு காப்புறுதிக் கம்பனிக்கும் போனது. நோயை மறைத்ததால் பணம் தர ஏலாது என்று கம்பனிக்காரர் கடிதம் அனுப்பினார்கள். யாரைத் திட்டுவது? கையில் அவ்வளவு காசில்லாததால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பதிந்தோம். அங்கே எத்தனையோ பேர் எங்களுக்கு முன்னால் காத்திருந்தார்கள். சத்திரசிகிச்சைக்கு ஐந்து மாதம் தள்ளித்தான் திகதி தந்தார்கள்.

இவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "நானும் அண்டைக்குப் பேசாமத்தானே இருந்தனான்" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தத் திகதி வர மூன்று கிழமை இருக்கையில் போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று சம்பந்தியம்மா என் பக்கத்தில் வந்து இருந்தா. எனக்கு அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டா.

"எங்கட வீட்டிலயும் எல்லாருக்கும் சீனிதான், சம்பந்தி. சொல்லியிருந்தா நாங்கள் கலியாணத்தை நிப்பாட்டியிருப்பமா?"

யாரும் பெரிதாக எடுக்காத ஒரு கதைக்குப் பயந்து என் மனுசனைப் பறிகொடுத்தேன் என்பதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.