சீசருக்குக் கொண்டுபோன பட்டி

நாங்கள் குடியிருக்கும் தெருவில் வேலி கிடையாது. ஒரு வீட்டுப் புல் எங்கே முடிந்து அடுத்த வீட்டுப் புல் எங்கே தொடங்குகிறது என்பதை, வெட்டியிருக்கும் உயரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தனியாக இருக்கிறார். அவருக்குத் துணை, மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய நாய். காலையில் வேலைக்குப் போக நான் பஸ் தரிப்புக்கு நடக்கும்போது அது என்னைக் கண்டதும் பாய்ந்து வரும். வந்து, புல்லின் விளிம்பில் சடாரென்று நின்றுவிடும். கயிறு இல்லை, சங்கிலி இல்லை, அதட்டுகிற ஆளும் இல்லை. கனடாவுக்கு வந்த புதிதில், இந்த நாட்டில் நாய்கூடச் சட்டம் படித்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் கிழவரே அந்த இரகசியத்தைக் காட்டினார். நாயின் கழுத்துப் பட்டியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து இரண்டு சின்ன இரும்பு முனைகள் தோலைத் தொட்டுக்கொண்டிருந்தன. புல்லுக்குக் கீழே கம்பி ஓடுகிறதாம். நாய் கிட்டப் போனால் பட்டியில் கரண்ட் அடிக்குமாம். நான் நெஞ்சில் கையை வைத்து "சிவ சிவா" என்றேன். அவர் நான் பயந்துவிட்டேன் என்று எண்ணி, "பயப்படாதீர்கள், அவனால் உங்களிடம் வரவே முடியாது" என்று ஆறுதல் சொன்னார். நான் இரங்கியது நாய்க்காக. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிரித்துவிட்டு நடந்தேன்.

அந்தப் பட்டியை நானே வாங்குவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஊரில், அளவெட்டியில், என் அண்ணை இருக்கிறார். அண்ணி காலமான பிறகு அந்த வீட்டில் அவரும் சீசரும்தான். சீசர் கன்னங்கரேலென்ற ஊர் நாய். வீட்டுக்கு முன்னால் போகிற குறுகலான ஒழுங்கையின் முடிவில், வேப்பமரத்தடியில் ஒரு வைரவர் இருக்கிறார். சூலம் ஒன்று, தகரக் கூரை ஒன்று, அவ்வளவுதான் கோயில். விளக்கு வைக்கிற வேலை எங்கள் குடும்பத்துக்கு. பொழுதுபடும் நேரம் அண்ணை எண்ணெய்ப் போத்தலோடு படலையைத் திறக்க, சீசர் முன்னால் ஓடும். வைரவருக்கு நாய்தானே வாகனம். அது முன்னால் போக அண்ணை பின்னால் போவதைப் பார்த்து, "சுவாமி வெளிக்கிட்டார்" என்று ஒழுங்கைச் சனம் பகிடி பண்ணும்.

சீசரிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. மோட்டார் சைக்கிளைக் கண்டால் விடாது, காலடியில் பாயும். முன்வீட்டு யோகமக்காவின் மகள் சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். அவள் ஸ்கூட்டியில் வரும்போது சீசர் குறுக்கே பாய்ந்ததில் விழுந்து கை முறிந்துவிட்டது. யோகமக்கா படலையில் வந்து நின்று சொல்லியிருக்கிறார்:

"நான் சண்டைக்கு வரேல்லை தம்பி. ஆனால் என்ரை மருமகன் கோபக்காரன். சோத்துக்குள்ளை எதையும் வைச்சிட்டானெண்டால் பிறகு என்னைக் கேக்காதை."

அண்ணை இதைத் தொலைபேசியில் சொன்னபோது குரல் இறங்கிப் போயிருந்தது. "கட்டி வையுங்கோவன் அண்ணை" என்றேன்.

"கட்டமாட்டன்" என்றார்.

காரணம் சொல்லத் தேவை இல்லை. பல வருடங்களுக்கு முன், சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட அந்த நாளில், அரிசி, பத்திரங்கள், சுவாமிப் படம் எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மழைக்குள் சனத்தோடு சனமாய் நடந்தோம். நாவற்குழிப் பாலத்தில் இடிபட்டு நிற்கும்போதுதான் அண்ணைக்கு நினைவு வந்தது, கிணற்றடியில் அப்போதிருந்த நாய் கட்டியபடி நிற்கிறது என்று. திரும்பி ஓடப் பார்த்தவரை எங்கள் ஐயா சட்டையைப் பிடித்து இழுத்தார். பல மாதம் கழித்து நாங்கள் வீடு திரும்பியபோது சங்கிலி தூணில்தான் கிடந்தது. மிச்சத்தை நான் எழுதவில்லை. அண்ணை அந்தச் சங்கிலியைக் கிணற்றுக்குள் போட்டார். அன்றிலிருந்து அந்த வளவில் ஆட்டுக்குட்டிகூடக் கட்டப்படவில்லை.

ஆக, கட்டவும் முடியாது, விடவும் முடியாது. கட்டாமல் கட்டுகிற சாமான் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறதே என்று எனக்குப் பக்கத்து வீட்டு நாய் நினைவுக்கு வந்தது. வைரவர் பொங்கலுக்கு ஊருக்குப் போக ரிக்கெற் எடுத்திருந்தோம். கடவுளே வழிகாட்டினார் என்று நினைத்துக் கடைக்குப் போனேன்.

நாய்ச் சாமான் மட்டுமே விற்கிற கடை அது. நாய்க்குச் சப்பாத்து, நாய்க்கு மழைக்கோட்டு, நாய்க்குப் பிறந்தநாள் கேக். பட்டிகள் ஒரு சுவர் முழுக்கத் தொங்கின. சத்தம் மட்டும் போடுவது, கைத்தொலைபேசி போல அதிர்வது, கரண்ட் அடிப்பது, மூன்றும் சேர்ந்தது. கம்பி புதைக்காமல் கையில் ரிமோட்டோடு வருவதுதான் எங்கள் ஒழுங்கைக்குச் சரி என்று எனக்குப் பட்டது. கடைப் பெண் பிள்ளை நல்ல பொறுமைசாலி. நாய் என்ன நிறை என்று கேட்டாள். அண்ணைக்கு அழைப்பெடுத்தேன். "நிறையோ? அரை மூட்டை நெல்லுக்குக் கிட்ட வரும்" என்றார். நாய்க்கு என்ன விருப்பம் என்று கேட்டாள். "உளுந்து வடை" என்றேன். வைரவருக்குச் சாத்துகிற வடைமாலையில் சீசருக்கு எப்போதும் பங்கு உண்டு. அவள் தலையாட்டினாள். அது ஏதோ நாய்ச் சாப்பாட்டின் பெயர் என்று நினைத்திருப்பாள்.

பிறகு பாவிக்கிற முறையைச் சொன்னாள். முதலில் பல நாள் சத்தத்தை மட்டும் பழக்கு. நின்றால் தின்னக் கொடு. கரண்ட் கடைசி, அதுவும் மிகக் குறைந்த அளவில். "முக்கியமாக, அது உங்களிடமிருந்து வருகிறது என்று நாய்க்குத் தெரியக்கூடாது." நான் தலையாட்டினேன். ரிமோட்டை ஒளித்து வைக்கச் சொல்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து முதலில் என் கையில் கட்டி அழுத்திப் பார்த்தேன். நான் தாங்காததை வாயில்லாத சீவனுக்குச் செய்யக்கூடாது. கட்டெறும்பு கடித்தது போல ஒரு சுண்டல். தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் கணவர், "ரிமோட்டை உன்னட்டைக் குடுக்கக் கூடாதப்பா, பிறகு என்ரை கழுத்துக்கும் ஒண்டு வரும்" என்றார். சிரித்தோம்.

ஊரில் படலையைத் திறந்ததும் சீசர் என்மேல் தாவி ஏறியது. அது என்னை முன்பு கண்டதில்லை. நான் கதைக்கும்போது அண்ணை விறாந்தைக் கதிரையில் இருந்து தொலைபேசியைச் சத்தமாய் விடுவார், அது காலடியில் கிடந்து கேட்கும். "சத்தத்திலை பிடிச்சிட்டான், பார்" என்று அண்ணை பெருமையாகச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து போகிற எங்களை ஊரில் யார் இப்போது அப்படி ஓடி வந்து பிடிக்கிறார்கள்? எனக்குக் கண் கலங்கியது.

அடுத்தநாள் குளித்து, வைரவருக்குக் கற்பூரம் கொளுத்தி, "உம்முடைய வாகனத்தை நோகச் செய்யப் போகிறேன், அதன் உயிரைக் காக்கத்தான், பொறுத்தருளும்" என்று கும்பிட்டுவிட்டுத்தான் பட்டியைக் கட்டினேன். ரோமத்துக்குள்ளால் முனை தோலில் படவேண்டும் என்று அண்ணை கத்தரிக்கோலால் கழுத்து ரோமத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டார். ரிமோட்டைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு படலையடியில் நின்றேன். பல நாள் சத்தம் பழக்க எனக்கு விடுமுறை ஏது? மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. சீசர் பாய்ந்தது. அழுத்தினேன். அழுத்தும்போதே, "சீசர்! போகாதை எண்டெல்லே சொன்னனான்!" என்று கத்தினேன்.

ஏன் கத்தினேன் என்றால், நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சொல்லாமல் அடித்தது கிடையாது. அம்மா பூவரசங்கம்பை முறிக்கும்போதே குற்றத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவா, அடித்து முடியும்வரை சொல்லிக்கொண்டே இருப்பா. ஏன் நோகிறது என்று தெரியாமல் ஒரு சீவனை நோகச் செய்வது பாவம் என்பது எங்கள் எண்ணம். ஒவ்வொரு முறையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காரணம் சொல்லித்தான் அழுத்தினேன். சீசர் வீரிட்டு, துள்ளித் திரும்பி, என்னைப் பார்த்தது.

ஒரு கிழமைக்குள் பாய்ச்சல் நின்றது. மோட்டார் சைக்கிள் போனால் படலைக்குள்ளே நின்று பார்ப்பதோடு சரி. யோகமக்கா ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு வந்தார்.

"வெளிநாட்டுச் சாமானெண்டால் வெளிநாட்டுச் சாமான்தான் பிள்ளை. என்ரை மருமகனுக்கும் உதிலை ஒண்டு அனுப்பிவிடன்."

எல்லோரும் சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை. யோகமக்கா போனபின், "பட்டியைக் கழட்டு. இவ்வளவும் காணும்" என்றார். கழற்றக் கூப்பிட்டேன். "சீசர்" என்றதும் அது வயிறு நிலத்தில் தேய ஊர்ந்து கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டது. அண்ணை ஒரு சத்தமும் போடாமல் போய்த் தூக்கி வந்து கழற்றினார். அது அவருடைய கமக்கட்டுக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது.

அன்று மாலை அண்ணை எண்ணெய்ப் போத்தலை எடுத்தபோது சீசர் படலைவரை வந்தது. கால் வெளியே வைக்கவில்லை. "வாடா" என்றார். வாலை ஆட்டியது, வரவில்லை. அவர் தனியாகப் போனார். திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டே, "வாகனம் வராத கோயிலுக்கு நான் விளக்கு வைச்சு ஆருக்குத் தங்கச்சி?" என்று கேட்டார்.

பொங்கலன்று வைரவருக்கு மாலையாகச் சாத்திய வடையை எடுத்துப்போய்ச் சீசரிடம் நீட்டினேன். நான் தின்னக் கொடுத்தால் மறந்துவிடும் என்று நம்பினேன். நான் அந்த இடத்தைவிட்டுப் போகும்வரை அது வடையைத் தொடவில்லை.

கனடாவுக்குத் திரும்பி வந்ததும், நான் பட்டி கொண்டுபோனது தெரிந்த பக்கத்து வீட்டுக் கிழவர், நாய் எப்படி என்று கேட்டார். நடந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இம்முறை அவருக்கு விளங்கியது. "நீங்கள் பேசினீர்களா? நான் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. புல்தான் கடிக்கிறது என்று அவன் நினைக்கிறான். என்னில் அவனுக்கு இன்னும் அன்புதான்" என்று நாயின் தலையைத் தடவினார். கடைப் பெண் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு பல நாள் இதையே யோசித்தேன். இந்த நாட்டில் எங்களுக்கு நோகிறபோதும் யாரும் வாய் திறந்ததில்லை. வேலை இல்லை என்பதற்கு ஒரு கடிதம் வரும். அட்டை செல்லாது என்பதற்கு மெஷினில் ஒரு சிவப்பு வெளிச்சம் வரும். யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் குளிரைக் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். ஊரில் எங்களை நோகச் செய்த எல்லோருக்கும் ஒரு குரல் இருந்தது, அதனால் பயப்படவும் மன்னிக்கவும் ஆள் இருந்தது. எது நல்ல முறை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சீசர் உயிரோடு இருக்கிறது. அதற்காகத்தான் வாங்கினேன், அது நடந்தது. வைரவரிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வந்த பிறகு முதல் ஞாயிறு அழைப்பெடுத்தேன். வழக்கம்போல அண்ணை விறாந்தையில் சத்தமாய் விட்டிருக்கிறார். "அண்ணை, சாப்பிட்டாச்சோ" என்று கேட்டதுதான் தாமதம், ஏதோ உருண்டு விழுகிற சத்தம். அண்ணை "ஐயோ, பொறு பொறு" என்றார். சீசர் இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே ஓடிவிட்டதாம். காதோடு வைத்துக் கதைத்தாலும் அதற்குக் கேட்கிறது. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தும் பார்த்தார். கதவுக்கு அப்பால் அழுகிறதாம்.

அதனால் இப்போது அண்ணை வீட்டில் என்னோடு கதைப்பதில்லை. என் அழைப்பு வந்தால் எடுக்காமல் படலையைத் தாண்டி ஒழுங்கை முடிவுக்குப் போய், வேப்பமரத்தடியில் இருந்து அவர் எனக்கு எடுப்பார். நான் பிறந்த வீட்டுக்குள் என் குரலுக்கு அனுமதி இல்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை.

போன ஞாயிறு கதைத்து முடிந்தபோது, "அண்ணை, போனை வைக்காதேங்கோ. அப்பிடியே கொண்டு உள்ளுக்குப் போங்கோ. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்" என்றேன்.

"பேசாமல் இருப்பியோ?"

"ஓம்."

அவர் நடந்தார். மணலில் செருப்புச் சத்தம். படலை கிரீச்சென்றது. உள்ளே சீசரின் வால் எதிலோ பட்டுப் பட்டு அடித்தது. "இஞ்சை விடு, விடடா" என்று அண்ணை சிரித்தார். வாளியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், யோகமக்கா வீட்டில் யாரோ யாரையோ ஏசுகிற சத்தம், பிறகு அண்ணை கதிரையில் சாய்கிற சத்தம். சீசர் பக்கத்தில் வந்து படுத்துப் பெருமூச்சு விட்டது. எனக்கு இருமல் வந்தது. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, இங்கே சமையலறை மேசையில், மூச்சையும் மெதுவாக விட்டபடி நான் எங்கள் வீட்டில் இருந்தேன்.