நாலு தங்கமும் ஒரு வெள்ளியும்

முனீஸ்வரி வீட்டுக் குளியலறைக்கு ஓடு கிடையாது, ஃப்ளெக்ஸ்தான். போன வருஷத்து ஃப்ளெக்ஸ் மேலே, அதற்கு முந்தின வருஷத்தது பக்கவாட்டில். படம் இருக்கிற பக்கம் உள்ளே பார்க்கிறமாதிரி கட்டியவர் அவளுடைய தாய்மாமா கண்ணுச்சாமி. "பிள்ள தெனமும் தன் மொகத்தப் பாத்துக் குளிக்கட்டும், ஒரு வேகம் வரும்" என்று காரணம் சொன்னார். சோப்பு நுரையோடு நிமிர்ந்தால் தலைக்கு மேலே அவளே சிரித்துக்கொண்டிருப்பாள். கழுத்தில் மெடல், ஓரத்தில் பட்டாளத்து மீசையோடு மாமா, குறுக்கே "மாவட்ட ஸ்கேட்டிங் போட்டியில் தங்கம் வென்ற எங்கள் குலவிளக்கே!" முனீஸ்வரி பெரும்பாலும் குனிந்தே குளிப்பாள்.

ராஜபாளையத்தில் காலில் சக்கரம் மாட்டி ஓடும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. எல்லாரும் வேகப் போட்டிக்காரர்கள். ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஷூ அவர்களுடையது. முனீஸ்வரியுடையது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நுனியில் ஒரு ரப்பர்க் கட்டை. மாமா பெங்களூரில் பட்டாளத்தில் இருந்தபோது, ஆபீசர் ஒருத்தர் மகளுக்குக் கால் வளர்ந்துவிட்டதென்று கொடுத்த ஷூ அது. எதற்கென்று தெரியாமலே பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்த கௌதம்ராஜ் சார்தான் அதைப் பார்த்துவிட்டு, "இது பிகர் ஸ்கேட்டிங் ஷூம்மா. வெளிநாட்டுல ஐஸ்ல ஆடுவாங்க, நாம தரையில ஆடணும். பாட்டுப் போட்டு, தாவி, சுத்தி" என்றார். அவரும் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொடுத்தார். எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தது. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

அவளுக்கு சீசன் ஆரம்பிப்பது ஆடி மாசம். மாவட்டப் போட்டி ஆவணியில் வரும். அதற்குப் பழக வழவழப்பான பெரிய தரை வேண்டும். ஊரில் அப்படியான தரை கல்யாண மண்டபங்களில்தான் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். கூட்டிப் பெருக்கிப் பூட்டுகிற வேலையை இவள் பார்த்துக்கொண்டால் போதும் என்று மேனேஜர் சாவியைக் கொடுத்துவிடுவார். காலி மணமேடையில் போன் பாட்டுப் பாட, நாற்காலிகளை அடுக்கி ஒதுக்கிய தரையில் இவள் மட்டும் வட்டமடிப்பாள். மாதக்கணக்கில் சும்மா இருந்த கால் முதல் வாரத்தில் சொன்ன பேச்சுக் கேட்காது. இடுப்பு கனக்கும், ஷூவுக்குள் பழைய இடத்திலேயே புதுக் கொப்புளம் வரும்.

சிக்கல் முதல் தங்கத்திலேயே தொடங்கிவிட்டது. அன்று மைதானம் நிறையப் பிள்ளைகள். ஆனால் அவள் பிரிவில் பெயர் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். பாட்டுப் போட்டார்கள், ஆடினாள், நடுவர்கள் மார்க் போட்டார்கள், மேடையில் நடுப் படியில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு பக்கப் படியும் காலி. வீட்டுக்கு வந்ததும் மாமா கேட்டார்: "எம்புட்டுப் பேரு வந்திருந்தாக?"

"நெறையப் பேரு மாமா, மைதானமே கொள்ளல."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அம்மா வெள்ளத்தாய்க்கு பேண்டேஜ் துணி மில்லில் வேலை. ஷிப்டை விட்டுப் போட்டி பார்க்கப் போக முடியாது. அப்பா லாரியோடு போனால் மாதம் ஒருதரம் முகம் காட்டுகிறவர். மாமாவுக்குத் தேவதானத்தில் தென்னை, கறவை மாடு. ஆக யாரும் கூட வந்ததில்லை. மறுநாள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. அம்மா மில்லில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கே போய் வாய் திறப்பது? இரண்டாவது வருஷமும் அவள் மட்டும்தான். மூன்றாவது, நாலாவதும் அப்படியே. மேல்போட்டி வெளியூரில் நடக்கும். அங்கே கடைசிக்குப் பக்கத்தில் வருவாள். "அங்க வாரதெல்லாம் பெரிய ஊருப் பிள்ளைக" என்று வீட்டில் அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

இதைவிட உறுத்திய விஷயம் வேறு. முன்னோக்கிப் போய்த் தாவி, காற்றில் ஒன்றரைச் சுற்று சுற்றி, பின்னோக்கி இறங்கும் ஆக்ஸல் என்ற தாவல் ஒன்று உண்டு. முதல் வருஷம் பழகினாள். இரண்டாம் வருஷம் கணுக்கால் பிசகியது. எப்படியும் தங்கம் தனக்குத்தானே என்று மூன்றாம் வருஷம் ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டாள். கௌதம்ராஜ் சார் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் ஞாபகத்தில் நின்றது.

இந்த ஆடியில் மண்டபத்துக்கு அவர் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். பெயர் பியூலா. அப்பா போலீஸ், சென்னையிலிருந்து இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு. அவள் காலிலும் நாலு சக்கர ஷூ.

"இந்த வருசம் உனக்குப் போட்டிக்கு ஆள் இருக்கும்மா" என்றார் சார்.

முனீஸ்வரிக்கு முதலில் பயம்தான் வந்தது. பயந்துவிட்டோமே என்று பிறகு வெட்கமாகவும் இருந்தது. எதிர்த்து ஆட ஆள் வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் நினைத்தாள்!

பியூலா வாயாடி. கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைப் பாதியாக வெட்டி இவளுக்கும் கொடுத்தாள். "அக்கா, இங்க மாவட்டத்துல எத்தனை பேர் வருவாங்க? சென்னைல பதினாலு பேர். நான் ஒம்போதாவது."

"இங்க நாம ரெண்டு பேருதான்."

"அப்போ போன வருஷம்?"

முனீஸ்வரி குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"ஐய, தனியாவா? செம போர் அடிச்சிருக்குமே!" என்றுவிட்டு பியூலா தரையில் இறங்கினாள். இரண்டாம் சுற்றிலேயே ஆக்ஸல் போட்டாள். சத்தமில்லாமல் இறங்கினாள்.

அன்றிலிருந்து முனீஸ்வரியும் ஆக்ஸலைத் திரும்பப் பழகினாள். விழுந்தாள், எழுந்தாள். இடுப்பில் நீலம் பூத்தது. அம்மா மில்லிலிருந்து வந்ததும் போட்டிக்கான புது உடுப்பில் பசை தொட்டுக் கண்ணாடிக் கல் ஒட்டிக்கொண்டிருப்பாள். முனீஸ்வரி எதிரே உட்கார்ந்து, "யம்மா, இந்த வருசம் இன்னொரு பிள்ள வாரா" என்றாள் ஒருநாள்.

"வரட்டும். எத்தனை பேரச் செயிச்சவ நீ. நகரு, வெளிச்சம் மறைக்குது."

முனீஸ்வரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். காலையில் அம்மா வழக்கம்போல் பால்கோவாவுக்குக் காசு கொடுத்துவிட்டாள். "வரும்போது மறந்துராத, மில்லுல கேப்பாளுவ."

பியூலா முதலில் ஆடினாள், பிசிறில்லாமல். அடுத்து முனீஸ்வரி. தன்னுடைய மார்க்குக்காகக் கவலைப்பட்டு அவள் தரையில் இறங்கியது அன்றுதான் முதல் தடவை. பாட்டின் நடுவில் ஆக்ஸல் போட வேண்டிய இடம் வந்தது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போட்டாள். சுற்று முடிவதற்குள் இரண்டு காலும் தரையில் பட்டு, கையும் ஊன்றியது. மிச்சத்தை ஆடி முடித்தாள். மேடையில் நடுப் படி பியூலாவுக்கு. பக்கப் படியில் நின்று முனீஸ்வரி வெள்ளியை வாங்கினாள்.

கடைவீதிக்கு வந்து பால்கோவாவும் வாங்கினாள். வெறுங்கையோடு போனால் வீட்டு வாசலிலேயே கேள்வி வரும். டப்பா இளஞ்சூடாக இருந்தது. மெடலைக் கழற்றிப் பைக்குள் அதற்கு அடியில் போட்டாள். பியூலாவும் அதே பஸ். அவள் தங்கத்தைக் கழற்றவில்லை, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். வீட்டில் எப்படிச் சொல்வதென்று முனீஸ்வரி வார்த்தையை அடுக்கிக் கலைத்துக்கொண்டே வந்தாள்.

அடுக்கி முடிக்கவில்லை. பஞ்சு மார்க்கெட்டில் பஸ் திரும்பும்போதே தெரிந்தது. இரண்டு கம்பத்துக்கு நடுவே அவள் முகம். "தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாகத் தங்கம் வென்று மண்ணின் பெருமை காத்த..." போட்டி முடியும் முன்பே அடித்துக் காலையிலேயே கட்டியிருக்கிறார் மாமா. நாலு வருஷம் தப்பாமல் வந்த தங்கம் இந்த வருஷம் மட்டும் எங்கே போகும் என்ற தைரியம்! கீழே அவரே நிற்கிறார், கையில் ரோஜா மாலை, தரையில் நீளமாக விரித்த சரவெடி. அரை நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவும் நிற்கிறாள். கூட மில்லுப் பெண்கள் நாலைந்து பேர்.

இவள் இறங்குவதற்குள் வெடியைப் பற்றவைத்துவிட்டார்கள். பேச வழியில்லை. வெடிச் சத்தத்துக்குள் மாமா மாலையைத் தூக்கினார். முனீஸ்வரி இரண்டு கையாலும் தடுத்தாள். புகை விலகியபோது அவள் பின்னால் பியூலா, கழுத்தில் தங்கம்.

"ஏட்டி, மெடல எங்க?" என்றார் மாமா.

"வெள்ளி மாமா. தங்கம் இவளுக்கு."

மாமா ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார், பியூலாவைப் பார்த்தார். "அது எப்பிடி? நாலு வருசமா அம்புட்டுப் பேரத் தோக்கடிச்சவ..."

"ஐயோ அங்கிள், தோக்கடிக்க யாரு இருந்தா?" பியூலா முனீஸ்வரியின் தோளில் கை போட்டாள். அக்காவை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று நினைத்திருப்பாள். "நாலு வருஷமும் ஆளே இல்லாம அக்கா தனியா ஆடியிருக்காங்க. நானா இருந்தா விட்டுட்டே ஓடியிருப்பேன். உங்க பொண்ணு கிரேட்!"

வெடிக்காமல் கிடந்த ஒன்று கடைசியாக ஒருதரம் வெடித்தது. மில்லுப் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடினாள். புகைக்கா, சிரிப்புக்கா, தெரியவில்லை. முனீஸ்வரி தரையில் சிதறிய சிவப்புக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அம்மாதான் முதலில் அசைந்தாள். மாமா கையிலிருந்த மாலையை வாங்கி பியூலாவிடம் கொடுத்தாள். "கழுத்துல போட்டுக்க ஆத்தா, வாடிரும்." பிறகு மாமாவிடம், "ஏலே, கயித்த அவுத்துரு" என்றாள்.

"அக்கா, எல்லாரும் பாக்காக. செத்த நேரம் பொறுத்து..."

"இப்பவே அவுத்துரு."

அம்மா சுருட்டிய ஃப்ளெக்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் வந்ததும்தான் கேட்டாள்.

"மைதானமே கொள்ளலன்னியே?"

"அது... வேகப் போட்டிக்கு வந்தவுக."

"நாலு வருசமா மில்லுல நின்னு பீத்திக்கிட்டேனேட்டி. உனக்கு ஒருதரங்கூடச் சொல்லத் தோணல?"

தோன்றியது என்று சொல்லி என்ன ஆகப்போகிறது! முனீஸ்வரி அழவும் இல்லை. காது இரண்டும் சுட்டுக்கொண்டே இருந்தது.

காலையில் குளிக்கப் போனபோது உள்ளே வெளிச்சமாக இருந்தது. அம்மா விடிவதற்குள் பழைய ஃப்ளெக்ஸ்களை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டியிருந்தாள், படம் வெளியே பார்க்க. உள்ளே வெறும் வெள்ளை. முனீஸ்வரி நிமிர்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

வெளியே வந்தபோது அம்மா மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு வாளிக்குப் பக்கத்தில் பால்கோவா டப்பா.

"இதையும் கொண்டு போறியா?" என்றாள் முனீஸ்வரி.

"பொறவு? பால்ச்சாமான், ரெண்டு நாளைக்கு மேல தாங்குமா? எப்பிடியும் கேக்கத்தான் போறாளுவ. ரெண்டு பேர்ல ரெண்டாவதுன்னு சொல்லிட்டு வாரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள். "மேல்போட்டி எப்ப?"

"புரட்டாசில. ரெண்டு பேருமே போகலாமாம்."

"அங்க எத்தனை பேரு?"

"இருவதுக்கு மேல வரும்."

"போ. எத்தனாவது வந்தாலும் வந்து சொல்லு." டப்பாவைப் பைக்குள் அமுக்கினாள். "எத்தனை பேர்லன்னும் சேத்துச் சொல்லு."