பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் நீண்ட வரிசை. முன்னால் நின்ற லாரிக்கு ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை. எல்லா வண்டிகளும் அமைதியாக நின்றன, என் காரைத் தவிர. அது நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, குளிர் ஜுரம் வந்தாப்பல ஒதறுது உன் வண்டி?"

கேட்டது சரோஜா அக்கா. நான் வாடகைக் கார் ஓட்டுபவன், அதிகம் பேசாதவன் என்பதெல்லாம் இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அக்காவை இன்றுதான் அறிமுகம் செய்கிறேன். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின் தெரு. செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். கூட்டிப் போய்க் கூட்டி வருவது நான்.

முன் சீட்டை நன்றாகச் சாய்த்துக் கொடுத்துவிடுவேன். திரும்பும்போது அசந்து தூங்குவார். அந்த ஒரு தூக்கத்தில்தான் உடம்பு தேறுகிறது என்பார்.

அன்று தூங்கவில்லை.

"காலு ரெண்டும் சுண்டி இழுக்குது. இதுல உன் வண்டி வேற ஆட்டுது. என் பையன் வேற கார் ஏற்பாடு பண்றேன்றான் தம்பி. நான்தான் வேணாம்னு சொல்லிக்கினு கீறேன்."

எனக்குச் சுருக்கென்றது. சவாரி போய்விடுமே என்பது ஒரு பக்கம். ஆனால் புதிதாக வருகிற டிரைவருக்கு என்ன தெரியும்? ஊசி ஏற்றும் இடது கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று தெரியுமா? வேகத்தடை வருவதற்கு முன்பே, "அக்கா, பள்ளம்" என்று சொல்ல வேண்டும் என்று தெரியுமா?

இவ்வளவும் மனதில் ஓடியது. வாயில் வந்தது என்னவோ, "பாக்கறேங்க்கா" என்பது மட்டும்தான்.

அந்த நடுக்கத்தை நானேதான் வாங்கி மாட்டிக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடுவதற்குக் கேம்ஷாஃப்ட் என்று ஒரு தண்டு உண்டு. என் காரில் அது தேய்ந்துவிட்டது. கம்பெனி தண்டு வர நாளாகும் என்றார்கள். அப்போது வந்து சேர்ந்தான் என் மனைவியின் தம்பி ஏழுமலை.

"மாமா, என் ஃபிரண்டு கிட்ட ரேஸ் கேம், அதான் ரேஸ் வண்டிக்குப் போடற கேம்ஷாஃப்ட், ஒன்னு புதுசா கீது. உன் இஞ்சினுக்கு அப்படியே உக்காரும். போட்டுப் பாரு... முன்னாடி போற பஸ்ஸு தானா ஒதுங்கும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மச்சான் இவ்வளவு ஆசையாகச் சொல்கிறானே, எப்படி மறுப்பது? என்னைப் போன்றவர்கள் வாழ்க்கையில் பாதிப் பொருட்களை இப்படித்தான் வாங்குகிறோம்.

விழுப்புரத்தில் ஸ்டீபன் என்று எனக்கு வழக்கமான மெக்கானிக். அவர்தான் மாட்டிக் கொடுத்தார். ஹைவேயில் கார் பறந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பிடித்திருந்தது.

பிறகு எரிந்தது இஞ்சின் விளக்கு. மீட்டரில் மஞ்சளாக, குட்டி இஞ்சின் படம்.

ஸ்டீபன் ஸ்கேனரைச் செருகினார். 'மிஸ்ஃபயர்' என்று ஒரு பிழைக் குறியீடு, அவர்கள் பாஷையில் கோடு, காட்டியது. அதாவது, சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று காரின் கம்ப்யூட்டர் புகார் சொல்கிறது. பிளக்குகளை மாற்றினார். விளக்கை அணைத்தார். மறுபடி எரிந்தது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில்களை மாற்றினார். மறுபடி அணைத்தார்.

ஒவ்வொரு தடவையும், "வேற இன்னாண்ணே பண்ணுது?" என்று கேட்பார். "வேற ஒன்னுமில்லப்பா, லைட்டுதான்" என்பேன். நடுங்குகிறது என்று சொன்னால், இந்த வயதில் ரேஸ் கேம் கேட்டதா என்று சிரிப்பாரோ?

கடைசியாக விளக்கை அணைத்த மறுநாள் மனைவி என்னை மயிலம் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். மலையடிவாரத்தில் காருக்குப் பூஜை. எலுமிச்சம்பழம் நசுக்கினோம். சந்தனத்தைக் குழைத்து, மீட்டர் கண்ணாடி மேலேயே பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். நடுவில் குங்குமம்.

"தெனமும் உன் கண்ணுல படட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு விளக்கு எரியவே இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்? நடுக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் விளக்குதான் இல்லையே! கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போதெல்லாம் மயிலம் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

டோல்கேட்டில் நடுங்கி நின்றதும் அப்படி நிம்மதியாக இருந்த நாட்களில்தான். அந்த வாரமே வெள்ளிக்கிழமை, திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முன் சீட்டில் தூங்காமல் கிடந்த அக்கா திடீரென்று சொன்னார்.

"தம்பி, அந்தப் பொட்டுக்குப் பின்னாடி இன்னாமோ மஞ்சளா எரியுது."

"ஒன்னுமில்லைங்க்கா."

"எனக்கு கிட்னிதான் போச்சு. கண்ணு நல்லாத்தான் கீது."

வண்டியை ஓரம்கட்டி அவர் பக்கம் சாய்ந்து பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. என் சீட்டிலிருந்து நேராகப் பார்த்தால் பொட்டு மறைக்கிறது. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. முருகன் விளக்கை அணைக்கவில்லை. என் மனைவி அதை மூடியிருக்கிறாள்... அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் அக்கா சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டார்.

"மொதல்ல உன் மெக்கானிக் கிட்ட வுடு. அப்புறம் ஆஸ்பத்திரி."

"நான் போய்க் கேக்கறேங்க்கா..."

"நீ வாயத் தொறந்துட்டாலும். ஜல்தியா எடு வண்டிய."

பட்டறையில் ஸ்டீபன் ஒரு பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டார். அக்கா உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்.

"தம்பி, இந்த வண்டி ரோட்ல ஓடும்போது ஒன்னும் பண்ணல. நின்னாதான் ஒதறுது. டோல்கேட்டு, சிக்னலு, எங்க நின்னாலும் என் காலப் புடிச்சு ஆட்டுது."

ஸ்டீபன் என்னைப் பார்த்தார். "ஏண்ணே, அந்த ஆட்டம் உங்களுக்குப் புடிச்சுதான் ஓட்டிக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன். ரேஸ் கேம் போடறவங்க அதுக்குத்தானே போடுவாங்க?"

"நீ மெக்கானிக்கு, உனக்குத் தெரியும்னு நான் நெனச்சேன்பா."

"நல்லா நெனச்சீங்க ரெண்டு பேரும்," என்றார் அக்கா. "நடுவுல நான் ஆடிக்கினு வந்தேன்."

ஸ்டீபன் ஸ்கேனரில் கோடு பதிவான நேரத்து விவரங்களைத் தேடிப் பார்த்தார். எல்லாமே வண்டி நின்றிருந்தபோது பதிவானவை. தலையைச் சொறிந்துகொண்டார்.

"பெட்ரோல் நல்லாத்தாண்ணே எரியுது. இந்த கேம் வால்வை அதிக நேரம் தொறந்து வைக்கும். வேகமா போறப்ப அது பலம், நிக்கறப்ப நொண்டும். கம்ப்யூட்டருக்குப் பழைய கேமோட நடைதான் தெரியும். இது நொண்டறதப் பாத்துட்டு, பிளக்கு எரியலன்னு கத்துது. நானும் அது பேச்சக் கேட்டுக்கினு பிளக்கு, காயில் எல்லாம் மாத்திட்டேன். தப்பு என்னுதுதான்."

நம் சொந்தக்காரர்களும் இந்தக் கம்ப்யூட்டர் மாதிரிதானே? வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக நடந்தால் போதும், "உடம்புக்கு என்ன?" என்று வீடு தேடி வந்துவிடுவார்கள்.

"சென்னையில கம்ப்யூட்டர் புரோகிராம மாத்தி எழுதித் தருவாங்கண்ணே. லைட்டு வராது. ஆனா ஆட்டம் கொஞ்சம் இருக்கும்."

"லைட்டு எரிஞ்சா எனக்கு இன்னா, எரியாட்டி எனக்கு இன்னா?" என்றார் அக்கா. "ஒதறக் கூடாது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"கழட்டிடுப்பா," என்றேன். "மச்சான் கிட்ட நான் சொல்லிக்கறேன்." நான் இவ்வளவு நீளமாகப் பேசி அந்தப் பட்டறை கேட்டதில்லை.

ஸ்டீபன் எங்கெங்கோ போன் போட்டுப் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி கேமைப் பிடித்தார். மாட்டிய கூலியை வாங்க மறுத்துவிட்டார். ஏழுமலைக்குப் போன் செய்தேன். கேமைக் கழற்றியதைச் சொன்னேன்.

"அப்ப அத என் வண்டிக்குப் போட்டுக்கட்டுமா மாமா?"

"உன்னுது டூவீலர்டா."

மனைவி பொட்டை வழித்துவிட்டு, டேஷ்போர்டின் இடது ஓரத்தில் புதிதாக வைத்தாள். அக்காவின் கண்ணில் படட்டும் என்றாள்.

போன வெள்ளி. அதே விக்கிரவாண்டி, அதே வரிசை. மீட்டரில் விளக்கு இல்லை. இஞ்சின் ஓடுகிறதா என்று நானே ஒரு தடவை குனிந்து பார்த்தேன். பக்கத்து சீட்டில் லேசான குறட்டை. காரை நடுங்கவிடாத ஸ்டீபனுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொன்னேன். எனக்காக வாயைத் திறந்த அக்காவுக்கும் சொன்னேன்... அவர் தூக்கத்தில் இருந்ததால் அது சுலபமாக இருந்தது.

வீடு வந்துவிட்டது. எழுப்பக் கூச்சமாக இருந்தது. ஏசியைப் போட்டு, இஞ்சினை அணைக்காமல் தெருவிலேயே வண்டியை நிறுத்தி, அக்கா தூங்கட்டும் என்று காத்திருந்தேன்.

என் கூச்சத்தால் ஒருவருக்கு நல்லது நடந்தது இதுதான் முதல் தடவை.