சுண்ணாம்பு இல்லாத பச்சைக் கல்

கல் அரைக்கச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை எங்கள் பிரிக்பீல்ட்ஸ் லைனில் ஒருவரும் நம்பவில்லை. "ஜெயில்லதான் கல்லு ஒடைக்கச் சொல்வாங்க. நீ என்னய்யா பண்ணுன?" என்பார் பக்கத்து வீட்டு ரயில் பயர்மேன். கோலாலம்பூரில் ஒரு ரசாயனக் கூடத்தில் நான் தற்காலிக உதவியாளன். மலைகளிலிருந்து வரும் கற்களை உடைத்து, சின்னக் குழியம்மியில் முகப்பவுடர் போல அரைக்க வேண்டும். மாலையில் சட்டையைக் கழற்றவே கை மேலே போகாது.

ஒருநாள் பெந்தோங் மலைப்பக்கமிருந்து ஒரு பச்சைக் கல் வந்தது. தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கியது. கூடத்துப் பெரியவரான யாழ்ப்பாணத்து ஐயா அதை வெளிச்சத்தில் திருப்பினார்.

"பூமியின்ர ஆழத்தில இருந்து வந்த கல், ஐசே. மக்னீசியமும் இரும்பும் நிறைய. பிறகு தண்ணி ஊறித்தான் இப்பிடிப் பச்சையாப் போச்சுது. சுண்ணாம்பு மட்டும் இல்லையெண்டே சொல்லலாம். இந்தச் சோதனை சரியா வந்தா, உம்மை நிரந்தரமாக்கச் சொல்லித் துரையிட்ட கேக்கிறன்."

அரைத்தேன். மென்மையான கல்தான், நான் அதைவிட மென்மை. மாவைக் கரைத்து, இரும்பை வடித்து நீக்கியபின், சுண்ணாம்பைக் காட்டிக்கொடுக்கும் மருந்தை ஐயா ஊற்றினார். தெளிவாக இருக்க வேண்டிய நீர் மோராக வெளுத்தது.

"என்ன காணும், கல்லு கடைக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கினதோ?"

அறிவாளிக் களையோடு விளக்கம் சொன்னேன்: "பத்துமலை மாதிரி அங்கயும் சுண்ணாம்புப் பாறை இருக்கும்ங்க ஐயா. அதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

வாயில் வெற்றிலை இருந்ததால் பாதி குழறியது. ஐயா என் சிவந்த வாயைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பிடித்துத் தூக்கினார். நகக்கண்ணில் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"உம்மட பத்துமலை இங்க நிக்குது! துரை கண்டால் உமக்கு வேலை இல்லை, எனக்கு மானம் இல்லை. கையைக் கழுவும். முதல்ல இருந்து அரையும்."

மறுபடி உடைத்தேன், அரைத்தேன். வெற்றிலை இல்லாத வாய் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தது. தோள்பட்டை யாரோ இரவல் கொடுத்ததுபோல் கனத்தது. இம்முறை மருந்து விழுந்தும் நீர் கலங்கவில்லை. ஐயா நேரே துரையின் அறைக்குப் போனார்.

வேலை நிரந்தரமான செய்தியோடு அவர் திரும்பியபோது, வாசலில் இன்னொரு மூட்டை கல் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். முதலில் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டேன்.