செல்வராசு ஜீப்பில் நான் அடைத்த இரண்டு துளைகள்

1. போன்

காலை பத்தரை மணி இருக்கும். ஒரு மினி லாரியின் கிளட்ச் பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காரைக்கால்மேட்டிலிருந்து போன் வந்தது. பேசியது செல்வராசுவின் மனைவி.

"அண்ணே, ஜீப்பு எங்க மூத்தார் மேல ஏறிட்டுதுண்ணே. பிரேக்கே புடிக்கலியாம். சீக்கிரம் வாங்கண்ணே."

மூத்தார் என்று அந்தப் பெண் சொன்னது செல்வராசுவின் அண்ணன் மாரியப்பனை. நான் போய்ச் சேர்வதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். ரோட்டிலிருந்து மணலுக்கு இறங்கும் சரிவின் அடியில், விரித்துப் போட்ட வலைகளுக்கு நடுவே ஜீப் நின்றது. ஒரு ஃபைபர் படகின் பக்கவாட்டில் இடித்துத்தான் நின்றிருந்தது. அந்தப் படகோரம் உட்கார்ந்து மாரியப்பன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாராம்; படகுக்கும் பம்பருக்கும் நடுவில் அவர் கால் மாட்டிக்கொண்டது. செல்வராசு மணலில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மிதிச்சேன்ணே. அடிவரைக்கும் மிதிச்சேன். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். இழுத்துக்கிட்டே போயிட்டுது" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

காரைக்காலில் முப்பத்திரண்டு வருஷமாக வண்டி வேலை பார்க்கிறேன். சொல்லிக்கொள்ளும்படியான வேலைகளும் செய்திருக்கிறேன். அதையெல்லாம் எழுதினால் எனக்குத்தான் குளிர்ச்சி, படிக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. பழைய ஜீப்பை வாங்கி வெளி பார்ட்ஸ் மாட்டி மெருகேற்றுவது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்த வேலையில் இறங்குகிறவர்கள் இதைப் படித்தால் போதும்.

2. ஜீப்

அண்ணன் தம்பி இருவரும் ஒரே படகில் போய்க்கொண்டிருந்தவர்கள். செல்வராசுவுக்கு முதுகில் டிஸ்க் நழுவிவிட்டது. இனிமேல் கடலுக்குப் போனால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்திரண்டு வயதில் கடல் இல்லை என்றால் அவனுக்கு வேறென்ன தெரியும்? எங்கேயோ ஏலத்தில் வந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். டீசல் இன்ஜின், லீஃப் ஸ்பிரிங், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பாடியில் துருவைச் சுரண்டினால் அடியில் இன்னும் கொஞ்சம் துருதான் இருந்தது.

"படகக் கரை மேல இழுக்க டிராக்டருக்குக் காத்துக் கெடக்குறாங்கண்ணே. இத ரெடி பண்ணிக் குடுங்க. நான் கரையில இருந்தே பொழச்சுப்பேன்" என்றான்.

மாரியப்பனும் கூட வந்திருந்தார். என் வயதுக்காரர். என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்.

"செய்யுங்க மேஸ்திரி. தம்பி கடலுக்கு வராட்டியும், நான் கரை ஏறும்போது எதுக்க நிக்கட்டும்" என்றார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை காதர் பாய்தான் எல்லாவற்றையும் வரவழைத்தார். மண்ணில் பிடிக்கும் பெரிய டயர், வண்டியை நாலு விரற்கடை தூக்க ஸ்பிரிங்குக்கு ஷேக்கிளும் கூடுதல் பட்டையும், முன்னால் கம்பி சுற்றி இழுக்கும் ஒரு வின்ச், பவர் ஸ்டீயரிங். டிஸ்க் பிரேக் கிட்டும் கேட்டிருந்தோம். வந்தது எங்கள் ஆக்சிலுக்குப் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பிவிட்டு, டிரம்மிலேயே, உரசிப் பிடிக்கும் லைனிங்கை மட்டும் புதிதாகப் போட்டேன். பெரிய டயர் போட்டால் பழைய பிரேக்குக்குப் பாரம் கூடும் என்று தெரியும். நன்றாக அட்ஜஸ்ட் பண்ணினால் தாங்கும் என்று நினைத்தேன். அது மட்டுமாக இருந்தால் தாங்கியும் இருக்கும்.

3. ரெசின்

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஆக்சில் கூட்டுக்குள் கியர் ஆயில் இருக்கிறது. வண்டி உழைத்தால் ஆக்சில் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். அந்தக் காற்று வெளியே போவதற்காக ஆக்சிலின் தலையில் ஒரு சின்னத் துளை உண்டு. பிரீதர் என்போம். ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கடற்கரையில் ஓடும் வண்டிக்கு உண்டு. சூடான ஆக்சில் அலையில் முங்கினால், அந்தத் துளை வழியாகவே உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆறே மாதத்தில் பேரிங் பல்லிளித்துவிடும்.

காதர் பாய் சொன்னார். "அதுக்கு ஒரு ஹோஸ் கிட் இருக்குங்கண்ணே. துளையில சொருவி பானெட் ஒசரத்துக்கு ஏத்தி விட்டுடலாம். வர்றதுக்குப் பத்து நாளு ஆவும்."

செல்வராசு திங்கட்கிழமை வருகிறேன் என்று நாலு படகுக்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டிருந்தான். "பத்து நாளா? அண்ணே, வேற எதாச்சும் பண்ணுங்கண்ணே" என்றான்.

எங்கள் பக்கத்தில் ஓட்டை என்றால் ரெசின்தான், கலக்கிப் பூசினால் கல்லாக இறுகும் பசை. ஃபைபர் படகில் விரிசல் விட்டால் ரெசின். தண்ணீர் டேங்க் கசிந்தால், மாடி ஒழுகினால், பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒடிந்தால் அதற்கும் ரெசின். தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்ற ஒரே நினைப்பிலேயே வளர்ந்த ஊர் இது. உள்ளே இருப்பது வெளியே போக வேண்டும் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. படகு வேலைக்கு வைத்திருந்த ரெசினைக் கலக்கி, முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டின் பிரீதரையும் என் கையாலேயே அடைத்தேன். காதர் பாய் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடைக்கலாமாங்கண்ணே?"

"பாய், நீங்க சாமான வில்லுங்க. வண்டிய நான் பாத்துக்குறேன்" என்றேன். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம்.

4. வாடை

திங்கட்கிழமை முதல் ஜீப் ஓடியது. லோ கியரில் போட்டு, பாரம் ஏற்றிய லாரி கணக்காக முனகிக்கொண்டு படகுகளை மணலில் இழுத்தது. நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மாரியப்பன் படகு கரை தட்டியதும் செல்வராசு வின்ச் கம்பியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினான். அண்ணன் படகில் நின்று சிரித்தார். மனதுக்கு நிறைவாக இருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் செல்வராசு போன் பண்ணினான்.

"அண்ணே, பிரேக்கு கொஞ்சம் வழுக்குறாப்ல இருக்கு. சக்கரத்துப் பக்கம் ஆயில் வாடை வேற வருது."

"புது லைனிங் அப்படித்தான்டா இருக்கும். பெரிய டயரு வேற. ரெண்டு வாரம் ஓட்டு, செட்டாயிடும்."

"வாடைண்ணே?"

"ஜீப்புல ஆயில் வாடை வராம சந்தன வாடையா வரும்? போடா வேலையப் பாத்துக்கிட்டு."

அவன் சிரித்துவிட்டு போனை வைத்தான். ஐந்தாம் நாள் அந்தச் சரிவில் இறங்கினான்.

5. டிரம்

அடுத்த நாள் ஜீப்பைக் கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தோம். காதர் பாயும் வந்தார். முதல் டிரம்மைக் கழற்றினேன். லைனிங் கறுப்பாக, கியர் ஆயிலில் ஊறிக் கிடந்தது. விரலை வைத்தால் வழுக்கியது. அடுத்ததும் அப்படித்தான். நாலிலும் ஆயில். ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் அதே பின் டிரம்மில்தான்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. போக வழியில்லாத காற்று, சக்கரத்தோரம் ஆயிலைத் தடுக்கும் சீலைத் தள்ளி, ஆயிலைப் பிரேக்குக்குள் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறது. சந்தேகத்துக்கு ஸ்க்ரூ டிரைவரால் பிரீதரைக் குத்திப் பார்த்தேன். ரெசின் அசையவில்லை. அந்த ஜீப்பில் நான் செய்த வேலைகளிலேயே அதுதான் உறுதியாக நின்றது.

காதர் பாய் விரலில் ஒட்டிய ஆயிலைத் துணியில் துடைத்தார். பிறகு, "போயி சொல்லிடுவோம்ண்ணே. நானும் கூட வர்றேன்" என்றார்.

"மொதல்ல அவரு கண்ணு முழிக்கட்டும் பாய்."

கண் விழித்தார். புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கேஸ் வரும், கடைப் பெயர் போய்விடும் என்று பயந்தேன். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

6. கேள்வி

போலீஸ் எல்லாம் வேண்டாம் என்று மாரியப்பனே சொல்லிவிட்டார். ஊர் திரும்பிய பிறகு சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் அவர் வீட்டு வாசலில் கூடிப் பேசினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாரியப்பன் கட்டிலில் இருந்தார். செல்வராசு வேலியோரமாக நின்றான்.

மாரியப்பன் என்னைத்தான் கேட்டார். "இவன் பிரேக்கு புடிக்கலங்குறான் மேஸ்திரி. புதுசு போட்டது நீங்க. நீங்க சொல்லுங்க. உங்க வார்த்தைக்கு மேல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் வண்டிய விடும்போது பிரேக்கு நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை. செல்வராசு நிமிர்ந்து பார்த்தான். போனில் சொன்னேனே என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரியவர்கள் நடுவில் என்னை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன்.

"காலு போனது போவட்டும். பெரிய டயரு போட்ட திமிருல வேகமா வந்துட்டேன்னு ஒத்துக்கிட்டான்னா நான் ஏத்துக்கிட்டிருப்பேன். எம் மூஞ்சியப் பாத்துப் பொய்யி சொல்றான் பாருங்க. அதத்தான் தாங்க முடியல" என்றார் மாரியப்பன். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குப் பேச்சு இல்லை. ஜீப்பைச் செல்வராசு வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். பிறகு ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். காதர் பாய் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சாமான் கேட்டால் ஆள் மூலமாகக் கொடுத்தனுப்புவார்.

7. பதினாலு மாதம்

மாரியப்பனுக்குச் சர்க்கரை இருந்தது. எடுத்த காலின் புண் ஆறவே இல்லை. பதினாலாம் மாதம் போய்ச் சேர்ந்தார். கடைசியில்கூடத் தம்பியைக் கூப்பிடவில்லை. நான் சாவுக்குப் போனபோது செல்வராசு எதிர்ச்சாரியில், பூட்டியிருந்த கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். பாடை எடுக்கும்போது ஒரு அடி முன்னால் வந்தான். மாரியப்பன் மகன் அவனைப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டான்.

கருமாதி முடிந்த மறுநாள் அவன் வேலை பார்க்கும் இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிரீதர், ரெசின், டிரம்மில் பார்த்தது, வாசலில் மறைத்தது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவன் முழுவதையும் கேட்டான். "அப்ப நான் மிதிச்சது நெசந்தானேண்ணே?" என்றான்.

"நெசந்தான்டா."

"எனக்கே சந்தேகம் வந்துட்டுதுண்ணே. ஒருவேளை கிளச்ச மிதிச்சுட்டனோன்னு. அண்ணனே நம்பலையேன்னு." கம்பெனி கேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். "இத எங்கிட்ட சொல்லி என்னண்ணே பண்றது? நான் பொய்யி சொல்லலன்னு அவருக்குத் தெரியாமயே போயிட்டுதே."

ஐஸ் ஏற்ற ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. எழுந்து போய்க் கேட்டைத் திறந்தான். திரும்பி வந்து உட்காரவில்லை.

இந்த வேலையில் பாடம் என்று ஏதாவது சொல்லித்தான் முடிக்க வேண்டும். பழைய வண்டியில் ஒரு துளை இருந்தால் எதற்கு வைத்தான் என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள். கஸ்டமர் வாடை என்று சொன்னால் வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இதெல்லாம் இரண்டு தரம் அடிபட்டால் யாருக்கும் வந்துவிடும். உங்கள் வேலையில்தான் கோளாறு என்று தெரிந்தால், அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் போய்ச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிடுங்கள். நான் அதைச் சொல்லவேண்டிய ஆள், கேட்கும் நிலையில் பதினாலு மாதம் இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் அவர் வீட்டு வழியாகத்தான் நான் போய்வந்துகொண்டிருந்தேன்.