வாசலில் சாம்பல்

மறுபடி உடைக்க வேண்டும் என்றார் டாக்டர். திருச்சி ஆஸ்பத்திரி எலும்பு வார்டு, டெட்டால் நெடி. அவர் கையிலிருந்த பென்சிலை ஒடிக்கிற மாதிரி வளைத்துக் காட்டினார்.

"தொடை எலும்பு கோணலா சேர்ந்திருக்கும்மா. உடைச்சு இழுவைக் கட்டுல போடணும். இன்னும் தள்ளிப்போட்டா கல்லா இறுகிடும். அப்புறம் காலம் பூரா கட்டை ஊனித்தான் நடக்கணும்."

இழுவைக் கட்டு (காலில் எடையைத் தொங்கவிட்டு எலும்பை நேராக்குவது). அதற்கு என் கணவர் கையெழுத்துப் போட மறுத்தார்.

"இது எலும்புச் சமாச்சாரமில்ல. அந்த மலைக்காரி வெச்ச சூனியம். முதல்ல மந்திரிக்கணும்."

சூனியம் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும்.

பொன்மலை ரயில் பட்டறையிலிருந்து அவரை வடக்கே ஒரு பனிமலை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் கமலா வீடு. போன அன்றே குளிர்காயக் கணப்பு மூட்டிக் கொடுத்தவள். நான் புளியோதரை கொடுத்தேன். காரம் தாங்காமல் அவள் பிள்ளைகள் குதித்துக் குதித்துத் தின்றன.

பனிக்காலம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் பிறந்த கை. விடிந்தால் வாசல் தெளிக்காமல் இருக்குமா? தெளித்தேன். தண்ணீர் விழுந்த இடத்திலேயே கண்ணாடியானது. படி பளபளத்தது. சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

கமலா கையை ஆட்டிக் கத்தினாள். அவள் பாஷை எனக்குப் புரியவில்லை. ஒருநாள் அடுப்புச் சாம்பலை வாரி என் படியில் கொட்டினாள். விளக்கேற்றுகிற வீட்டு வாசலில் சாம்பல்! கழுவினேன். மறுநாளும் கொட்டினாள். இரண்டு வாளி ஊற்றிக் கழுவினேன். நாலாம் நாள் கழுவி முடித்த கையோடு அவள் கூந்தலைப் பிடித்தேன். அவள் என்னை அறைந்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள்.

"ஏங்க, நாம நாசமாகணும்னு சாம்பல கொட்டுறா!"

"எங்க அவ?" உள்ளேயிருந்து என் கணவர் விறகுக் கட்டையோடு பாய்ந்தார். சற்றுமுன் நான் கழுவிய படி. கால் வானத்துக்குப் போனது. பச்சை மூங்கில் நெருப்பில் வெடிப்பதுபோல் ஒரு சத்தம்.

முதலில் ஓடிவந்தவள் கமலா. கையில் வாளி நிறையச் சாம்பல். படி முழுக்க இறைத்தாள். அதில் காலூன்றித்தான் நாலு பேர் வழுக்காமல் அவரைத் தூக்கினார்கள். என் பாதமும் அதில்தான் நின்றது. நின்ற உடனே புரிந்துவிட்டது. அவரோ தம் மேல் பறந்த சாம்பலை மட்டும் பார்த்தார்.

அங்கே மாவுக்கட்டு. பிறகு ஊர் திரும்ப நாள்கணக்கில் ரயில் குலுக்கல். எலும்பு தன் இஷ்டத்துக்குச் சேர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் போனதும் திறந்தேன். "சூனியம் இல்லீங்க. யாரும் வழுக்கக்கூடாதுன்னுதான் கொட்டினா. படிய ஐஸாக்கினது நான். விழுந்த அன்னிக்கே தெரியும்."

பித்தளை டம்ளர் பறந்து வந்தது. என் புருவம் கிழிந்தது.

அடுத்த கட்டிலில் கை முறிந்த பாய் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். "யா அல்லாஹ்! காலு பத்தாதுன்னு தலையும் உடைக்கிறீங்களா? நர்ஸம்மா, இங்க இன்னொரு கட்டில் போடுங்க!"

எனக்கு நாலு தையல். திரும்பி வந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அந்தம்மாவ அடிக்கத்தானே கட்டைய எடுத்தேன்."

கையெழுத்துக் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பேனாவக் குடு."

அவருக்கு மயக்க மருந்து கொடுத்து உடைத்தார்கள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு மயக்க மருந்து இல்லை. அதே மூங்கில் சத்தம்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் கட்டிலில் கிடக்கலாம். மறைத்ததைச் சொல்லிவிடுங்கள் என்று உபதேசிக்க எனக்குத் துணிவில்லை. மழைக்கு முன்னால் என் புருவம் இன்னும் வலிக்கிறது. சொல்லாதிருந்த மூன்று மாதம் அதைவிட வலித்தது, அவ்வளவுதான்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். வாசல் தெளித்ததும் படியில் ஒரு கை சாம்பல் தூவுகிறேன்.

"என்னக்கா, பாத்திரம் விளக்குற சாம்பல வாசல்ல போடுறீங்க?" என்கிறாள் எதிர்வீட்டுப் பெண்.

"வழுக்கும்."

"இந்த வெயில்லயா!"

அவர் வெளியே வருகிறார். இடது கால் அரை விரல் குட்டை. படியில் வைக்குமுன் அது காற்றில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்துக்குள் பனி கொட்டுகிறது, கமலா வாளியோடு ஓடிவருகிறாள், என் விரல்கள் அவள் கூந்தலை விடுகின்றன. பிறகு பாதம் சாம்பலில் பதிகிறது. நான் மூச்சு விடுகிறேன்.