சுரங்கத்துக்குத் தண்ணீர்க் கணக்கு எடுத்த மாதம்

என் மனைவி திண்டிவனத்தில் பிரசவத்தின்போது இறந்துபோனாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. காரியம் முடிந்ததும் நான் விழுப்புரம் திரும்பி, பாசன ஆபீசில் ஓவர்சியர் வேலையைத் தொடர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது.

தெற்கே நிலக்கரிச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கரிக்கு அடியிலிருக்கும் ஊற்று மேலே பொங்கிவிடாமலிருக்க, இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும். இறைக்கக் கொடுத்த அனுமதி போதவில்லை, மாற்றித் தர வேண்டும் என்று சுரங்கத்தார் எங்கள் ஆபீசைக் கேட்டிருந்தார்கள். உண்மையில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று பார்த்து எழுத ஓர் ஆள் போக வேண்டும். "இப்ப நீங்க போவ வேணாம்" என்றார் மேலதிகாரி. நானே போகிறேன் என்றேன். எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்றிருந்தது.

இறைத்த தண்ணீர் போகும் வாய்க்காலின் குறுக்கே பலகை நிறுத்தி, அதன்மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் வழிகிறது என்று அளந்தேன். புழுதிக்குத் தெளிப்பது, இயந்திரங்களைக் கழுவுவது எல்லாவற்றையும் தனித்தனியே குறித்தேன். பம்புகளின் சத்தத்தில் யாரோடும் பேச வேண்டியிருக்கவில்லை. அது சௌகரியமாக இருந்தது.

கடைசியில் தொழிலாளர் குடியிருப்பு. வீட்டுக்கு எத்தனை குடம் என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒரு வீட்டில், இயந்திரம் ஓட்டுபவரின் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள். திண்டிவனத்துப் பக்கம் கிளியனூர்க்காரி.

"கொயந்த பொறந்ததுலேர்ந்து துணி தொவைக்கவே தண்ணி பத்தலீங்க. உங்க வூட்லயும் அப்பிடித்தான இருக்கும்?"

"வூட்ல யாரும் இல்லீங்க. சம்சாரம் பிரசவத்துல தவறிட்டாங்க."

அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். வேறு யாருடைய சமாச்சாரத்தையோ சொல்வதுபோல இருந்தது.

"கொயந்த?"

"திண்டிவனத்துல. அவங்க அக்கா வச்சிக்கினு இருக்காங்க."

"போய்ப் பாத்துக்கினு வர்றீங்களா?"

நான் குடக் கணக்கை நோட்டில் குறித்துக்கொண்டேன். "குந்துங்க சார், மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்தேன். அதில் உப்பு இருந்ததா என்றுகூட நாக்குக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். மனைவியின் அக்கா மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க தம்பி" என்று எழுந்து உள்ளே போனவள், குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பெண் குழந்தை.

"இன்னும் பேரு வெக்கல. நீங்க வந்துடுவீங்கன்னு இருந்துட்டோம்."

மனசு இளகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மடியில் கனம் மட்டும் தெரிந்தது.

"தூங்கிடுச்சி, குடுங்க."

"இருக்கட்டும்" என்றேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை வைத்திருந்தேன்.

கணக்கை எழுதிக் கொடுத்தேன். அனுமதியைக் கூட்டித் தந்தார்கள். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் திண்டிவனம் போனேன். பாசம் என்று அப்போது சொல்லியிருக்க மாட்டேன். போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மகளுக்கு மூன்று வயதானதும் விழுப்புரத்துக்குக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மயிலம் கூட்டு ரோட்டில் என் சட்டையை இழுத்து, "பெரிம்மா வரலியா?" என்றாள்.

"நாளிக்கி வருவாங்க" என்றேன். சரியென்று என்மேல் சாய்ந்துகொண்டாள்.